செந்தோசா கேபிள் காரைப் படமெடுக்க: ஜூன் விடுமுறையில் சிங்கப்பூர் திரும்புவோருக்கு

பாட்டி வீட்டுக்கு ஜூன் விடுமுறையில் வரும் குடும்பங்கள் ஒரு நாளாவது செந்தோசா கடற்கரைக்குப் போகாமல் இருப்பதில்லை. கேபிள் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் படமெடுத்தால் பெரும்பாலும் கிடைப்பது மங்கலான கடலும் நம் சட்டையின் பிரதிபலிப்பும்தான். கேபிள் கார் வண்டியை வெளியே நின்று எடுங்கள், உள்ளே ஆட்களை எடுங்கள்.

வெளியே நிற்க நல்ல இடம், விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து செந்தோசாவுக்கு நடந்துபோகும் போர்ட்வாக். 1974இல் தொடங்கிய பழைய தடம் அதற்கு மேற்கே துறைமுகத்தைக் கடக்கிறது. காலை பத்தரை வரை வெயில் உங்கள் முதுகுப் பக்கம், வண்டிகளின் நிறம் தெளிவாக விழும். மாலையில் அதே இடத்தில் கருநிழல் உருவங்கள்தான் வரும், அதுவும் அழகுதான். 100 முதல் 200 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம் 1/500 நொடி. சொகுசுக் கப்பல் கீழே நிற்கும் நாளென்றால் அகலமாக எடுங்கள்.

நண்பகலில், பழைய தடம் தொடங்கும் ஃபேபர் மலைக்குப் போகலாம். பூமத்திய ரேகைக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கும் ஊர் இது. ஜூனில் மதியச் சூரியன் வடக்கே நிற்பதால், தெற்கே செந்தோசாவைப் பார்த்து எடுக்கும்போது ஒளி உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். டிசம்பரில் வருவோருக்கு இது நேர்மாறு.

வண்டிக்குள் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, சுற்றிலும் கறுப்புத் துப்பட்டாவால் மூடுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டி வேண்டாம், பிளாஸ்டிக் சன்னலாக இருந்தால் வானவில் திட்டுகள் தெரியும். முகங்கள் இருண்டால் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். கடல் வெளுத்துப்போகும், போகட்டும். பாட்டியின் சிரிப்புதானே முக்கியம்.

2015இல் திறந்த செந்தோசாத் தடம் தனி. பழைய தடத்திலிருந்து இறங்கிச் சற்று நடந்துதான் மாற வேண்டும். அது முடியும் சிலோசோ முனையருகே, 11 மாடி உயரத்தில் சிலோசோ கோட்டைக்குப் போகும் நடைபாலம் இருக்கிறது. கட்டணம் இல்லை, மின்தூக்கி உண்டு, முதியவர்களும் ஏறலாம்.

இடி மின்னல் வந்தால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் வானம் கறுக்கும்போது வரிசையில் நிற்காதீர்கள். மழை விட்டபின் புகைமூட்டம் கழுவப்பட்டு, தொலைவிலுள்ள தீவுகள்கூடத் துலங்கும்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேராகக் கேமராவை எடுத்தால் லென்ஸில் நீராவி படியும், துடைத்தாலும் திரும்பப் படியும். பையின் ஜிப்பைத் திறக்காமல் வெளியே இருபது நிமிடம் வைத்திருங்கள்.