கோவா அரை அயர்ன்மேன்: கடைசி மூன்று வாரங்களில் செய்ய வேண்டியவை

பணஜியின் மிராமர் கடற்கரையில் 2019ஆம் ஆண்டு தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டியில் 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். மூன்று தூரங்களையும் மைல் கணக்கில் கூட்டினால் வருவதே அந்த 70.3. சென்னையிலிருந்து முதல் முறையாக அங்கே செல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீச்சல் குளத்தில் 2 கி.மீ. நிற்காமல் நீந்தியும், ஒரு முறையாவது 80 கி.மீ. சைக்கிள் ஓட்டியும் பழகியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன்: கடைசி நெடும்பயிற்சி

80 முதல் 90 கி.மீ. வரை சைக்கிள் ஓட்டி, இறங்கிய உடனே காலணியை மாற்றி 5 கி.மீ. ஓடுங்கள். நம்மில் பலர் வெயிலுக்கும் போக்குவரத்துக்கும் அஞ்சி அதிகாலை நாலரை மணிக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, ஏழரைக்குள் வீடு திரும்பிவிடுகிறோம். ஆனால் போட்டி நாளில், வெயில் ஏறும் நேரத்தில்தான் நாம் சைக்கிள் மீது இருப்போம். உடல் வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அப்படிப் பழகப் பழக வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது, இரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடுகிறது. ஆகவே இந்த வாரம் முதல் சில பயிற்சிகளையாவது எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் நெரிசல் மிகுந்தால், வீட்டிலேயே டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியில்) மின்விசிறி இல்லாமல் ஓட்டலாம். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

அதே நாளில் உங்கள் வியர்வையின் அளவையும் கணக்கிட்டுவிடுங்கள். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. இடையில் குடித்த நீரையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு மேல் குடிப்பது நல்லதன்று. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வயிற்றுக்கான பயிற்சி

நான் இடறியது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். என் முதல் போட்டியில் இரண்டு பாட்டில்களிலும் ஓஆர்எஸ் கரைத்து எடுத்துச் சென்றேன். அதுவே தெம்பு தரும் என்று நம்பினேன். 65ஆவது கிலோமீட்டரில் கைகள் நடுங்கின. பதறிப்போய்க் கால் மணி நேரத்துக்குள் மூன்று ஜெல்களை (சிறு உறைகளில் வரும் கெட்டியான இனிப்புக் கூழ்), தண்ணீரே இல்லாமல், அதே ஓஆர்எஸ்ஸோடு விழுங்கினேன். வயிறு கல்லாக இறுகியது. ஓட்டத்தின் முதல் எட்டு கிலோமீட்டரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே கடந்தேன்.

வீடு திரும்பிய பிறகுதான் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டில் 20.5 கிராம் தூளை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். அதில் குளுக்கோஸ் வெறும் 13.5 கிராம். வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்ட உருவானது அது, உணவாக உருவானதன்று. நீண்ட போட்டியிலோ மணிக்குச் சுமார் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படுகிறது. இதோடு, வெயிலில் உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குத் திரும்புவதால் குடலுக்குச் செல்வது குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் கெட்டியான இனிப்பு உள்ளே போனால் அது அப்படியே தேங்கி நிற்கும்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. 750 மி.லி. பாட்டில் ஒன்றில் எளிதில் செரிக்கும் மாவுச்சத்துத் தூளான மால்டோடெக்ஸ்ட்ரின் 60 கிராமும் கால் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்கிறேன். மற்றொன்றில் வெறும் தண்ணீர். சைக்கிளில் ஏறிய முதல் இருபது நிமிடம் தண்ணீர் மட்டுமே. அதன் பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, கைக்கடிகாரம் ஒலிக்கும்போதெல்லாம், சுமார் 20 கிராம். ஜெல்லைத் தண்ணீரோடு மட்டுமே எடுக்க வேண்டும். இனிப்பு பாட்டிலோடு எடுக்கவே கூடாது. பாதி வழியில், நீர் வழங்கும் இடத்தில், முன்பே எடை போட்டு வைத்த இரண்டாவது 60 கிராம் தூளை மீண்டும் கரைத்துக்கொள்கிறேன். இவற்றோடு மூன்று ஜெல்களையும் சேர்த்தால், மூன்றரை மணி நேரச் சைக்கிளுக்கு ஏறத்தாழ 190 கிராம் வந்துவிடும். கடலை மிட்டாயைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். பயிற்சிக்கு அது நல்லதே. ஆனால் நிலக்கடலையின் கொழுப்பு மெதுவாகச் செரிப்பதால் போட்டிக்கு நான் எடுத்துச் செல்வதில்லை. எதுவாயினும், போட்டி நடக்கும் அதே நேரத்தில், அதே வெயிலில், இரண்டு முறையாவது உண்டு பழகிய பிறகே நம்புங்கள்.

இரண்டாம் வாரம்: குறைத்தல்

பயிற்சி நேரத்தைப் பாதி அளவுக்குக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். வாரம் பத்து மணி நேரம் பயின்றவருக்கு ஐந்து போதும். அதனுள் போட்டி வேகத்தில் சில நிமிடங்கள் கட்டாயம் இருக்கட்டும். கால்கள் கனப்பது போலவும், சேர்த்த வலுவெல்லாம் கரைந்துவிட்டது போலவும் தோன்றும். அதைச் சோதித்துப் பார்க்க இன்னொரு நெடும்பயணம் போகாதீர்கள். இந்த நாட்களில் கூடுதல் பயிற்சியால் கிடைப்பது களைப்பு மட்டுமே.

கடலில் ஒரு முறையேனும் நீந்திப் பாருங்கள். சென்னைக் கரையில் இழுப்பு நீரோட்டங்கள் உண்டு, அக்டோபரில் அலையும் கூடும். அதனால் பயிற்றுநரும் மீட்புப் படகும் உள்ள குழுவோடு மட்டுமே இறங்குங்கள். எட்டுப் பத்து வீச்சுகளுக்கு ஒரு முறை, முதலை பார்ப்பதுபோல் கண்களை மட்டும் நீருக்கு மேலே தூக்கி, மிதவையையோ கரையிலுள்ள உயரமான கட்டடத்தையோ பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். கண்ணாடி பழையதே போதும். புதிதாக வாங்கியதைப் போட்டியன்று அணியாதீர்கள்.

கடைசி வாரம்: கட்டுதலும் உணவும்

விமானத்தில் செல்கிறவர்கள் பெடல்களைக் கழற்ற வேண்டியிருக்கும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் இன்னும் இறுகத்தான் செய்யும். எந்தப் பக்கமானாலும், கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்படி பொருத்திய ஸ்பேனரைச் சைக்கிளின் பின்சக்கரத்தை நோக்கித் திருப்பினால் கழலும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீட் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். டயரில் காற்றடிக்க உதவும் கரியமில வாயுக் குப்பிகளைப் பெட்டியில் வைக்காமல், கைப்பம்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு நாட்களுக்குச் சோறு, தயிர்ச்சோறு, வாழைப்பழம். கீரையும் பயறும் வேண்டாம். போட்டியன்று மூன்று மணி நேரத்துக்கு முன்பாக நான்கு இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுகிறேன்; மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் அன்று கிடையாது.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவர், முந்தைய இரவே கலக்கி வைத்த பாட்டில் காலையில் புளித்துப் பொங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். நம் ஊர் வெப்பத்தில் அப்படி ஆகக்கூடும். தூளை மட்டும் இரவில் எடை போட்டு வைத்து, காலையில் வெதுவெதுப்பான சிறிதளவு நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு குளிர்ந்த நீரால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.