போர்ட் ஆன்டோனியோ போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜமைக்காவின் வடகிழக்கு மூலையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் சின்னத் துறைமுக ஊர் போர்ட் ஆன்டோனியோ. டிட்ச்ஃபீல்டு என்ற நிலமுனை கடலுக்குள் நீண்டிருப்பதால் அதற்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என இரண்டு துறைமுகங்கள். 1870களில் லாரன்சோ டவ் பேக்கர் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் இந்தப் பக்கத்திலிருந்து பாஸ்டனுக்கு வாழைப்பழம் ஏற்றத் தொடங்கினார். பழம் ஏற்ற வந்த கப்பல்களிலேயே குளிருக்குத் தப்பி ஆட்களும் வந்தார்கள். ஜமைக்காவின் சுற்றுலா வேர்விட்டது இப்படித்தான். அப்புறம் வாழையை வாடல் நோய் தாக்கியது. விமானங்கள் வரத் தொடங்கியதும் பயணிகள் மேற்கே மான்டேகோ பே பக்கம் போய்விட்டார்கள். பெரிய ரிசார்ட்டுகள் இங்கே வரவில்லை. ஊர் தன் போக்கில் இருந்துவிட்டது.

அந்தப் போக்குக்காகத்தான் நான் இந்த ஊரை விரும்புகிறேன். இங்கே வந்து ஏமாந்து திரும்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் செய்யும் பிழை ஒன்றுதான்: ஒரே நாளில் பார்த்து முடிக்கப் பார்க்கிறார்கள். மான்டேகோ பேயிலிருந்து இங்கே வர ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். விடியற்காலை கிளம்பி, பகலில் மூன்று இடங்களில் படம் எடுத்து, இருட்டுவதற்குள் திரும்பினால் கையில் படம் மட்டும்தான் மிஞ்சும். விமானத்தைக் கிங்ஸ்டனுக்குப் போடுங்கள். அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான், ஆனால் சாலை வளைந்து வளைந்து போவதால் இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். டிக்கெட் எடுத்த பிறகு இது தெரியவந்தால் நிறைய நஷ்டம்.

அடுத்த தவறை நானே செய்தேன். முதல் நாள் காலை ஊர் நடுவிலிருக்கும் மஸ்கிரேவ் சந்தைக்குப் போனேன். மஞ்சள் நிற வள்ளிக்கிழங்கை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம் நேராகப் போய், "இது என்ன விலை?" என்று கேட்டுவிட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நிதானமாக, "குட் மார்னிங்" என்றார். நானும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் விலை வந்தது. கூடவே அந்தக் கிழங்கை எவ்வளவு நேரம் வேகவிட வேண்டும், எதோடு சாப்பிட வேண்டும் என்பதும் வந்தது. வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது இங்கே மரியாதைக் குறைவு. கடை, டாக்ஸி, அலுவலகம், எங்கே நுழைந்தாலும் முதலில் ஒரு வணக்கம். இருட்டிய பிறகு யாராவது எதிரில் வந்து "குட் நைட்" என்றால் விடைபெறுகிறார் என்று நினைக்காதீர்கள். ஜமைக்காவில் அது இரவு வணக்கம். நீங்களும் அதையே சொல்லலாம். பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், பெயருக்கு முன்னால் 'மிஸ்' அல்லது 'மிஸ்டர்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். நாம் அக்கா, அண்ணன் சேர்ப்பது போலத்தான். சந்தையில் கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டுக் கடையில் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது "சூன் கம்" என்று பதில் வரும். இதோ வந்துவிட்டது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் எரிச்சல் வந்துவிடும். வரும்போது வரும் என்பதுதான் அதன் பொருள். அடுத்த வேலையை நெருக்கமாக வைத்துக்கொண்டு இந்த ஊரில் சாப்பிட உட்காராதீர்கள்.

பணத்தில் ஒரு குழப்பம் உண்டு. ஜமைக்க நாணயத்தின் பெயரும் டாலர், குறியும் அதே. ஒரு அமெரிக்க டாலருக்கு 150 ஜமைக்க டாலருக்கு மேல் வரும். பலகையில் சாப்பாடு 1,500 என்று பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. இருபது என்று சொன்னதை உள்ளூர்ப் பணமாக எடுத்துக்கொண்டு, இறங்கும்போது டாக்ஸிக்காரரோடு மல்லுக்கு நிற்கிறவர்களும் உண்டு. ஏறுவதற்கு முன்பே "ஜமைக்கனா, யூஎஸ்ஸா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஊர்க்காரர்கள் போகும் ரூட் டாக்ஸிகளுக்குச் சிவப்பு நம்பர் பலகை இருக்கும். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், நெருக்கித்தான் உட்கார வேண்டும். கிழக்கே கடற்கரைகளுக்குப் போக இதுவே போதும். சொந்தமாகக் கார் எடுத்தால் சாலையின் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். தமிழ்நாட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சிரமமில்லை, அமெரிக்காவில் குடியிருப்பவர்கள் முதல் நாள் கவனமாக இருக்க வேண்டும். இரவில் அந்தச் சாலைகளில் ஓட்டவே வேண்டாம்.

மழைக்குப் பயந்து பயணத்தை ரத்து செய்கிறவர்களையும், மழையை நினைக்காமலே வருகிறவர்களையும் பார்க்கிறேன். இந்த ஊர் இருக்கும் போர்ட்லாந்து பகுதிதான் ஜமைக்காவிலேயே அதிகம் மழை வாங்கும் இடம். வடகிழக்கிலிருந்து ஈரத்தோடு வரும் காற்றை 2,256 மீட்டர் உயரம் வரை எழும் நீல மலைகளும், பக்கத்திலிருக்கும் ஜான் க்ரோ மலைகளும் தடுத்து இங்கேயே கொட்ட வைக்கின்றன. அதனால்தான் இவ்வளவு பச்சை. புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அக்டோபரிலும் நவம்பரிலும் மழை அதிகம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வந்தால் நல்லது, அப்போதும் நடுவில் ஒரு மழை வந்து போகும். பலத்த மழை பெய்த மறுநாள் ஆறும் அருவியும் கலங்கிச் சிவந்து ஓடும், இறங்குவது ஆபத்து. ரீச் அருவியையும் ரியோ கிராண்டே ஆற்றையும் தங்கும் நாட்களின் கடைசிக்குத் தள்ளி வைக்காதீர்கள். முதல் நாள் நல்ல வெயில் என்றால் அன்றைக்கே போய்விடுங்கள்.

மழையோடு சேர்த்து ஒன்று. கடற்கரையில் மழைக்கு எந்த மரத்தடியிலும் ஒதுங்கிவிடக்கூடாது. மான்சினீல் என்று ஒரு மரம் கரீபியன் கரைகளில் வளர்கிறது. பார்க்கச் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய் காய்க்கும். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், இலையிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீர் பட்டாலும் அப்படித்தான். காயை வாயில் வைக்கவே கூடாது. ரீச் அருவிக்குப் பக்கத்தில் மான்சியோனீல் என்றே ஒரு ஊர் இருக்கிறது, இந்த மரத்தால் வந்த பெயர்.

ரியோ கிராண்டே ஆற்றில் மூங்கில் தெப்பப் பயணத்தை 'இரண்டரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டுமா' என்று தள்ளிவிடுகிறவர்களுக்காக வருத்தப்படுகிறேன். மலைத் தோட்டங்களிலிருந்து வாழைத்தார்களைத் துறைமுகத்துக்கு இறக்கிய தெப்பங்கள்தான் இவை. 1940களில் இங்கே வந்து தங்கிவிட்ட ஹாலிவுட் நடிகர் எரோல் ஃபிளின் அதைப் பொழுதுபோக்காகப் பிரபலப்படுத்தினார். நீளமான மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், பின்பக்கம் இரண்டு பேர் உட்கார ஒரு மூங்கில் இருக்கை, முன்னால் நின்றபடி கழியால் ஊன்றித் தள்ளும் ஓட்டி. கழி கூழாங்கல்லில் இடிக்கும் சத்தமும் மூங்கிலுக்கு அடியில் தண்ணீர் சலசலப்பதும் தவிர வேறு எதுவும் கேட்காது. போனில் பாட்டுப் போடாதீர்கள். வழியில் கரையில் விறகடுப்பில் சமைத்து வைத்திருப்பார்கள். அங்கே சாப்பிடுவதற்காகவே வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

கடற்கரைகளில் ஃபிரெஞ்ச்மேன்ஸ் கோவ் கட்டணம் உள்ள இடம். குளிர்ந்த ஆறு வந்து கடலில் கலக்கும், அதற்காகக் கொடுக்கலாம். அதோடு நின்றுவிடாமல் வினிஃபிரெட் கடற்கரைக்கும் போங்கள். அதை வேலி போட்டு மூட நடந்த முயற்சியை எதிர்த்து ஊர் மக்கள் நீதிமன்றம் போய்த் தங்கள் கரையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கரையைப் பராமரிக்க ஒரு சின்னத் தொகை கேட்டால் மனதாரக் கொடுங்கள். ப்ளூ லகூனில் மலையூற்றுத் தண்ணீர் குளிர்ச்சியாகவும் கடல்நீர் வெதுவெதுப்பாகவும் மாறி மாறி உடம்பில் படும். அங்கே படகு, வழிகாட்டி என்று பலர் சூழ்ந்துகொள்வார்கள். கோபப்பட வேண்டாம், அது அவர்கள் பிழைப்பு. வேண்டும் என்றால் முதலிலேயே விலை பேசுங்கள், வேண்டாம் என்றால் சிரித்துச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில், ஜெர்க் என்ற மசாலா இறைச்சியை ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தாயிற்று என்று நினைப்பது பெரிய தவறு. ஊருக்குக் கிழக்கே பாஸ்டன் பேயில், பிமென்டோ என்ற மசாலா மரத்தின் கட்டைகளை நெருப்பில் போட்டு அதன் புகையில் கோழியையும் பன்றியையும் மெதுவாக வேகவைப்பார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி மலையேறிய மரூன் மக்களிடமிருந்து வந்த முறை இது. ஸ்காட்ச் பானட் மிளகாயின் காரம் நமக்கே கண்ணில் நீர் வரவைக்கும். சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ராஸ்தஃபாரி என்ற ஜமைக்க சமயத்தாரின் 'ஐட்டல்' உணவில் இறைச்சி கிடையாது. 'கலலூ' என்று கேட்டுப் பாருங்கள், நம்ம தண்டுக்கீரையின் உறவுதான், வெங்காயம் போட்டு வதக்கித் தருவார்கள். சுட்ட ஈரப்பலாவும் கிடைக்கும். 'ரைஸ் அண்ட் பீஸ்' என்பது ராஜ்மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்த சோறு, சில இடங்களில் உப்பிட்ட இறைச்சி போடுவார்கள் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறிக் குழம்பு எப்படி இங்கே வந்தது என்று வியக்க வேண்டாம். 1845லிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கொண்டுவந்த சுவை அது. அக்கீ என்ற பழத்தைச் சமைத்துத் தந்தால் தயங்காமல் சாப்பிடலாம், மரத்திலிருந்து நீங்களாகப் பறிக்கவே கூடாது. தானாக வெடித்துத் திறக்காத அக்கீ நஞ்சு.

அந்த ஒப்பந்தக் கூலிகளோடு வந்த இன்னொரு சொல் கஞ்சா. இங்கேயும் அதே பெயர்தான், வேண்டுமா என்று தெருவில் கேட்பார்கள். 2015ல் சட்டம் தளர்ந்தது உண்மை, அதற்காக எல்லாம் அனுமதி என்று ஆகிவிடாது. விமான நிலையத்துக்குள் கொண்டுபோனால் வழக்குதான். ராணுவ உடை மாதிரி திட்டுத் திட்டாக நிறமடித்த சட்டை, தொப்பி, பை எதுவும் வேண்டாம், பொதுமக்கள் அணிவது ஜமைக்காவில் குற்றம். மின்சாரம் 110 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக்.

சந்தைக்குப் போக வெள்ளி, சனி நல்ல நாள். ஞாயிறு காலை ஊர் தேவாலயத்தில் இருக்கும், கடைகள் மூடியிருக்கும். தேவையானதைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். திரும்பும் நாளில் விமானம் மதியம் என்றால் விடியும் முன்பே கிளம்புங்கள். முந்தைய இரவு நல்ல மழை பெய்திருந்தால் மலைச்சாலையில் மண் சரிந்திருக்கும். வழிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் முதல் நாளே வாங்கிக் காரில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது.