நம்ம நாய் கேட்டை தாண்டி ஓடி யாருக்காவது அடிபட்டா என்ன செய்யணும்: பெங்களூர்ல புதுசா நாய் வளர்க்கிறவங்களுக்கு

போன வருஷம் அல்சூர்ல எங்க வீட்டு வாசல்ல நடந்தது இது. தண்ணி கேன் போட வந்த தம்பி கேட்டை சரியா சாத்தல, எங்க சீஸர் (லேப்ரடார், ரெண்டு வயசு, இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்ல) ஒரே பாய்ச்சல்ல தெருவுக்கு ஓடி பால் போடுற அண்ணனோட ஸ்கூட்டருக்கு குறுக்க விழுந்துடுச்சு, அவரு சரிஞ்சு முட்டி கிழிஞ்சு, பாக்கெட் எல்லாம் உடைஞ்சு ரோடு பூரா பால். "கேட்டை திறந்து விட்டது நான் இல்லையே"ன்னு தான் எனக்கு முதல்ல வாய்ல வந்துச்சு. அப்படி சொல்லவே கூடாதுங்க. ஆள் வந்து போற வீட்ல கேட் திறந்து கிடக்கும்னு நமக்கு தெரியாதா?

ஸ்டெப் 1: நாயை உள்ள கட்டிட்டு உடனே அடிபட்டவர் கிட்ட போங்க. கடியா இருந்தா ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள் காப்பிப்பொடி எதுவும் வைக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி கூட்டிட்டு போங்க. "எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு"ன்னு சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க, நாயோட வேக்சின் புக்கை டாக்டர் கிட்ட காட்டுங்க, முடிவு அவரு எடுக்கட்டும். நாயை 10 நாள் கண்காணிப்புல வைக்கணும்.

ஸ்டெப் 2: போட்டோ, ஆஸ்பத்திரி பில், மெக்கானிக் பில் எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு வைங்க.

ஸ்டெப் 3: சட்டம். இதை கொஞ்சம் நிதானமா படிங்க. 2024 ஜூலை 1-ல இருந்து பழைய ஐபிசி (இந்திய தண்டனை சட்டம்) 289-வது பிரிவுக்கு பதிலா, புது தண்டனை சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 291-வது பிரிவு வந்திருக்கு. நம்ம கிட்ட இருக்கிற மிருகத்தால மனுஷ உயிருக்கோ பெரிய காயத்துக்கோ ஆபத்து வராம போதுமான ஏற்பாடு பண்ணலன்னா 6 மாசம் வரை ஜெயில், இல்ல 5,000 ரூபாய் வரை ஃபைன், இல்ல ரெண்டுமே. முன்னாடி ஃபைன் 1,000 தான். "என் நாய் சாது"ன்னு சொன்னா மட்டும் போதாது, என்ன ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தீங்கன்னு தான் கேப்பாங்க. மும்பைல 2010-ல ஒரு ராட்வைலர் கடிச்ச கேஸ்ல 2023-ல தான் தீர்ப்பு வந்துச்சு, ஓனருக்கு மூணு மாசம் ஜெயில், அத்தனை வருஷம் ரெண்டு பக்கமும் அலைஞ்சிருப்பாங்க.

பூந்தொட்டி உடைஞ்சது, கார்ல கீறல், பக்கத்து வீட்டு கோழி செத்தது இதெல்லாம் 291-ல வராது, ஆனா நம்ம அஜாக்கிரதைன்னு நிரூபிச்சா சிவில் கோர்ட்ல நஷ்டஈடு கேக்கலாம். ஆஸ்பத்திரி செலவு, வேலைக்கு போகாத நாள் சம்பளமும் அப்படி கேக்கலாம்.

ஸ்டெப் 4: பேசி முடிச்சா பேப்பர்ல எழுதுங்க. தேதி, என்ன நடந்துச்சு, எவ்வளவு குடுத்தோம், ரெண்டு பேர் கையெழுத்து, ஒரு சாட்சி. அந்த அண்ணனுக்கு கன்னடம் தான் படிக்க வரும், அதனால கன்னடத்துல எழுதி படிச்சு காட்டினேன், அவருக்கு புரியாத பேப்பர்ல கையெழுத்து வாங்குறது நியாயமே இல்ல. பணத்தை யுபிஐ-ல அனுப்புங்க, ரெக்கார்ட் இருக்கும். ஒரு விஷயம், எஃப்ஐஆர் போட்ட பிறகு இந்த பேப்பர் மட்டும் கேஸை முடிக்காது, 291 சமாதானமா வாபஸ் வாங்குற பிரிவு இல்ல, ஹைகோர்ட் போய் தான் ரத்து கேக்கணும், அதுக்கு வக்கீல் வேணும். ஹொய்சளா வண்டி (பெங்களூர் போலீஸ் ரோந்து வண்டி) வந்து நின்னா நடந்ததை அப்படியே சொல்லுங்க, நாயை ஒளிச்சு வைக்காதீங்க.

பயந்து போய் நாயை எங்கயாவது விட்டுட்டு வர்றவங்களும் இருக்காங்க, மனசு பதறுது. 1960 மிருகவதை தடுப்பு சட்டத்துல அதுவும் குற்றம்.

ஸ்டெப் 5: கார்ப்பரேஷன் லைசென்ஸ், வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி, வெளிய போனா கயிறு. பெட் இன்சூரன்ஸ் எடுக்கும்போது தேர்ட் பார்ட்டி லயபிலிட்டி (நம்ம நாயால அடுத்தவங்களுக்கு ஆகுற நஷ்டத்துக்கு கவர்) இருக்கான்னு கேளுங்க, சில பாலிசில தான் இருக்கும். நாங்க கேட்ல ஸ்பிரிங் போட்டோம், தானா சாத்திக்கும், உள்பக்கம் இடுப்பு உயரத்துக்கு இன்னொரு சின்ன கேட். தண்ணி கேனை இப்ப அந்த தம்பி ரெண்டு கேட்டுக்கும் நடுவுல வெச்சிட்டு போறான்.