கையிருப்பு டாலரைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமைதோறும் ரிசர்வ் வங்கி நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பை வெளியிடுகிறது. மறுநாள் பேப்பரில் அது ஒற்றை எண்ணாக வரும். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும், பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிற வீடுகளில் டாலர் விலையை விசாரிக்காத நாள் கிடையாது. பாளையங்கோட்டையில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அந்த எண்ணை மனப்பாடமே செய்கிறார்கள். ஆனால், அடுத்த 12 மாதத்துக்குள் அதிலிருந்து எவ்வளவு வெளியே போயாக வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, கடனின் வயதைத் தப்பாகப் பார்ப்பது. வாங்கும்போது எத்தனை வருஷம் என்பது இங்கே பேச்சில்லை. கட்டுவதற்கு இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்பதே கணக்கு. கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயில் சேர்த்த பணத்தை 2013 அக்டோபரில் டாலராக்கி, ஊர் வங்கிக் கிளையில் மூன்று வருஷ எஃப்சிஎன்ஆர் டெபாசிட் (வெளிநாடுவாழ் இந்தியர் வெளிநாட்டு நாணயத்திலேயே போடுவது) போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரசீதிலேயே முதிர்வுத் தேதி 2016 அக்டோபர் என்று அச்சாகியிருக்கும். ரூபாய் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. வங்கிகள் அப்படித் திரட்டிய டாலரை ரிசர்வ் வங்கி வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுத்தது. முதிர்வின்போது டாலரைத் திருப்பித் தருவதாகவும் ஒப்புக்கொண்டது. இந்த வழியில் வந்தது சுமார் 2,600 கோடி டாலர். கையிருப்பு ஏறியது. ஆனால் 2015 கடைசியில் அதே டெபாசிட், ஒரு வருஷத்துக்குள் கட்ட வேண்டிய குறுகிய காலக் கடனாகிவிட்டது.

மூன்றாவது தவறுதான் நாடுகளைக் கவிழ்த்தது: ஃபார்வர்டு ஒப்பந்தங்களை, அதாவது பின்னால் கைமாறப்போகிற டாலருக்கு இன்றே விலை பேசி வைப்பதை, மறந்துவிடுவது. ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை இறக்குகிற தூத்துக்குடி வியாபாரி, மூன்று மாதம் கழித்துக் கட்ட வேண்டிய டாலருக்கு இன்றைக்கே விலை பேசி வங்கியில் புக் செய்வார். இதையே பெரிய அளவில் ரிசர்வ் வங்கியும் செய்கிறது. டாலரை ஃபார்வர்டில் விற்றால் இன்றைய கையிருப்பில் ஒரு டாலர்கூடக் குறையாது. தவணை நாளில் கொடுத்தாக வேண்டும். 1997-இல் தாய்லாந்து மத்திய வங்கியின் கணக்கில் 3,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. பெரும்பகுதியை அது ஏற்கெனவே ஃபார்வர்டில் விற்றிருந்தது வெளியே தெரியவில்லை. ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்து நாணயமான ‘பாட்’டின் நிலையான மதிப்பைக் கைவிட வேண்டியதாயிற்று. நம் ரிசர்வ் வங்கியின் நிகர ஃபார்வர்டு விற்பனையும் 2025 பிப்ரவரி கடைசியில் 8,800 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அப்போது கையிருப்பு சுமார் 64,000 கோடி. நமக்கு அது தாங்கும் அளவுதான், என்றாலும் சேர்த்துப் பார்க்காமல் விடக் கூடாது.

கையில் இருப்பதெல்லாம் செலவழிக்கக்கூடியது என்று நம்புவது இன்னொரு தவறு. நமக்குக் கடலுக்கு அப்பால் இருக்கிற இலங்கையிடம் 2022 மார்ச்சில் சுமார் 190 கோடி டாலர் இருந்ததாகக் கணக்கு. அதில் ஏறக்குறைய 150 கோடி சீனாவுடன் செய்த நாணயப் பரிமாற்றம், அதாவது இரு மத்திய வங்கிகளும் தங்கள் நாணயத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. நிபந்தனை காரணமாக அதைத் தொட முடியவில்லை. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மருந்துக்கும் பெட்ரோலுக்கும் அந்த மக்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

வாராவாரம் எண் குறைந்ததுமே 'டாலர் வெளியேறிவிட்டது' என்பதும் சரியில்லை. கையிருப்பில் யூரோவும் தங்கமும் இருப்பதால், யூரோ விலையோ தங்கத்தின் விலையோ இறங்கினாலும் டாலர் கணக்கில் அது குறைவாகத்தான் தெரியும். அப்புறம், அரசு கொடுத்த உத்தரவாதங்கள்: கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் மட்டுமே நம் தலையில் விழும். இவற்றை நிச்சயமான கடனோடு சேர்த்துக் கூட்டாமல் தனியாக வைக்க வேண்டும். கையிருப்பையும் பாக்கிகளையும் நாடுகள் காட்டுவதற்கான சர்வதேச நாணய நிதியத்தின் (ஐஎம்எஃப்) படிவமும் இரண்டையும் தனித்தனிப் பகுதியாகத்தான் கேட்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வெளியே போக வேண்டிய தொகையைப் பார்த்ததும் பதறுவது. 2016-இல் அந்த டெபாசிட்கள் முதிர்ந்தபோது பலர் பயந்தார்கள். ஆனால் தேதி முன்பே தெரிந்ததால், ரிசர்வ் வங்கி அந்த மாதங்களுக்கு டாலரை ஃபார்வர்டில் வாங்கி வைத்திருந்தது. பணம் போனது, ரூபாய் நொறுங்கவில்லை. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வாராந்திர எண்ணோடு நிற்காமல், ரிசர்வ் வங்கி மாதந்தோறும் வெளியிடுகிற அந்தப் படிவத்தையும் திறந்து பாருங்கள். ஒரு மாதம் வரை, ஒன்று முதல் மூன்று மாதம், மூன்று மாதம் முதல் ஒரு வருஷம் என்று பாக்கிகளைத் தவணைவாரியாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள்.