அரக்குப் பட்டின் கரை கலங்காமல் இருக்க

சிங்கப்பூர் கேம்பல் லேனில் அத்தைக்குப் புடவைக் கடை. கடையின் இணையதளத்தில் படம் ஏற்றுவது என் வேலை. போன தீபாவளிக்கு முன்னால் எல்லாப் படங்களையும் ஜேபெக்கிலிருந்து (JPEG) வெப்பி (WebP) என்ற புதிய பட வடிவத்துக்கு மாற்றினேன். பக்கம் சட்டென்று திறந்தது. அத்தை பார்த்துவிட்டு, "ஏன்பா, அரக்குப் பட்டோட கரை கலங்கித் தெரியுது?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். தரம் குறைத்துச் சுருக்கும் வெப்பி, வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக வைக்கும். வண்ணத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் வைக்கும். பழுப்பு, சாம்பல் நிறப் புடவைகளில் இது கண்ணுக்குத் தெரியாது. அடர் சிவப்பில் ஜரிகை வந்து முட்டும் இடத்தில் நிறம் கசிந்ததுபோல் இருக்கும். தர அளவை 95க்கு ஏற்றியும் பார்த்தேன், போகவில்லை. அந்த வடிவத்தின் அமைப்பே அப்படி. ஏவிஐஎஃப் (AVIF) என்ற இன்னொரு பட வடிவத்திலும் ஜேபெக்கிலும் 4:4:4, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி வண்ணம், என்று தேர்ந்தெடுத்தால் வண்ணம் முழுதாக நிற்கும். அதனால் பட்டுப் புடவைக்கு இப்போது ஏவிஐஎஃப்தான், 4:4:4 வைத்து. மாற்றுவதற்கு ஸ்குவூஷ் (Squoosh) என்ற கருவி போதும். உலாவியிலேயே ஓடும், இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

ஆனால் ஜேபெக்கைத் தூக்கிப் போடாதீர்கள். 1992இல் வந்த அது எங்கும் திறக்கும். ஐஃபோனின் சஃபாரிக்கு வெப்பி 2020இல்தான் வந்தது, ஏவிஐஎஃப் 2022இல். பக்கத்துத் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க வந்து அப்படியே கடைக்குள் எட்டிப்பார்க்கும் பாட்டிமார் பலர் கையில் பேரன் கொடுத்த பழைய போன்தான். அவர்களுக்கும் புடவை தெரிய வேண்டும். பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் பிக்சர் டேகுக்குள் (<picture>) முதலில் ஏவிஐஎஃப் சோர்ஸ் (<source>), கடைசியில் வழக்கமான இமேஜ் டேகில் (<img>) ஜேபெக். உலாவி மேலிருந்து பார்த்து, தனக்குத் தெரிந்த முதல் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். இமேஜ் டேகில் அகலமும் உயரமும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்கும்.

கடைப் பெயர்ப்பலகை, விலைப்பட்டியல் போன்ற எழுத்துள்ள படங்களுக்கு ஜேபெக் வேண்டாம், தமிழ் எழுத்தின் சுழிகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். பிக்சலாக இல்லாமல் கோடுகளாகவே வைக்கும் எஸ்விஜி (SVG) இருந்தால் அதுவே. இல்லையென்றால் பிஎன்ஜி (PNG), அல்லது தரம் குறைக்காமல் சுருக்கும் இழப்பில்லாத வெப்பி. இந்த வகை வெப்பியில் வண்ணச் சிக்கல் கிடையாது.

அப்புறம், எதை மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். அத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் ஏற்கெனவே சுருங்கிப்போனது. அதை எந்தப் புது வடிவத்துக்கு மாற்றினாலும் போன நூல் திரும்பி வராது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஐஃபோன் வழக்கமாக எடுக்கும் ஹெச்ஈஐசி (HEIC) வடிவப் படம் குரோம் உலாவியில் தெரியாது. கேமரா அமைப்பில் 'மோஸ்ட் காம்பேட்டிபிள்' வைத்துவிட்டால் ஜேபெக்காகவே வரும். அந்த மூலப் படத்தை அழிக்காதீர்கள். ஒருமுறை துண்டறிக்கைக்கு நான் வெப்பி கொடுத்தபோது அச்சகத்தில் திறக்கவே முடியவில்லை, மூலம் இருந்ததால் தப்பித்தேன்.

ஏற்றும் முன் புடவையைக் கடை வாசல் வெளிச்சத்தில் விரித்து, போனில் படத்தைத் திறந்து, கரையோடு கரை வைத்துப் பாருங்கள். நான் அத்தையையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் ஏற்றுகிறேன்.