லினக்ஸ் கணினிக்கு கிராபிக்ஸ் கார்டு: வேகத்தை அப்புறம் பாருங்கள், முதலில் டிரைவர்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் டெஸ்க்டாப்பில் உபுண்டுவோ மின்ட்டோ போட்டு வைத்திருப்பவர்கள் கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பினால், கடையில் முதலில் வரும் பேச்சு "எத்தனை ஜிபி, எந்த கேம் ஓடும்" என்பதுதான். விண்டோஸுக்கு அது போதும். லினக்ஸில் முதலில் கேட்க வேண்டியது வேறு: டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கெர்னலோடே, அதாவது லினக்ஸின் மையப் பகுதியோடே வருகிறதா, தனியாகப் போட வேண்டுமா, அதற்கு அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் வரும்?

முதல் வேலை: கார்டு தேவையா என்று பாருங்கள்

ஆபீஸ் வேலை, யூடியூப், ஜிம்ப், இவ்வளவுதான் என்றால் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே தாராளம். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு இங்க்ஸ்கேப்பில் பூ டிசைன் வரைகிறவருக்குக்கூட தனிக் கார்டு வேண்டாம், அந்தக் காசுக்கு ராம் கூட்டிக்கொள்ளலாம். பிளெண்டர், கல்யாண வீடியோ எடிட்டிங், கேம், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது, இதற்கெல்லாம் கார்டு வேண்டும். இன்டெல் பிராசசரின் பெயர் 12100எஃப் மாதிரி 'எஃப்' என்று முடிந்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும், அதற்குள் கிராபிக்ஸே கிடையாது.

அடுத்து, கேபினெட்டைத் திறங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பக்கவாட்டு மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) லேபிளைப் படியுங்கள். மேலே 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், அதை அப்படியே நம்ப வேண்டாம். கீழே சின்னக் கட்டங்களில் +12வி என்ற இடத்துக்கு நேராக எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். அங்கே 18ஏ என்றிருந்தால் 12ஐ 18ஆல் பெருக்கி 216 வாட், பிராசசரும் கார்டும் சேர்ந்து அதற்குள்தான் அடங்க வேண்டும். அதில் 165 வாட் இழுக்கும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600ஐ மாட்டினால் கேம் நடுவில் மிஷின் பட்டென்று அணையும், நீங்கள் டிரைவர்தான் சரியில்லை என்று நினைத்து நாலு நாள் டெர்மினலோடு மல்லுக்கட்டுவீர்கள். கரண்ட் அடிக்கடி போகிற தெருவாக இருந்தால் யூபிஎஸ்ஸையும் கணக்கில் சேருங்கள், வீட்டில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், மானிட்டரும் அதில்தான் ஓடுகிறது.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வழியில்லையா? மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் கொடுக்கும், அதற்குள் ஓடுகிற, தனி ஒயர் கேட்காத கார்டாகப் பாருங்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி 70 வாட், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 அதைவிடக் குறைவு, 53 வாட். ஆனால் வீடியோ எடிட் செய்பவர்களுக்கு 6400 வேண்டாம், அதில் வீடியோ என்கோடரே (எடிட் செய்த வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் பகுதி) இல்லை. பழைய மதர்போர்டில் அதன் வேகமும் குறையும்.

எந்தக் கம்பெனி?

புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஏஎம்டி. அதன் டிரைவர் 2015லிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, மீதி மெசா என்ற திறந்த மூல கிராபிக்ஸ் தொகுப்பில் வருகிறது, இரண்டையும் உங்கள் டிஸ்ட்ரோவே (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை) அப்டேட் செய்துவிடும். ஆர்எக்ஸ் 6600 நல்ல தேர்வு: 8ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் ஒயர். ஒரு குறை உண்டு. எச்டிஎம்ஐ 2.1ஐ திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி முயன்றது, 2024ல் எச்டிஎம்ஐ அமைப்பு அனுமதி மறுத்துவிட்டது. அதனால் 4கே 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் டிஸ்பிளேபோர்ட் உள்ள மானிட்டராக வாங்குங்கள்.

குடா (கார்டில் கணக்கு ஓட்ட என்விடியா தரும் மென்பொருள்) தேவைப்படும் வேலையா, டாவின்சி ரிசால்வில் எடிட்டிங்கா, அப்படியானால் என்விடியா. கெர்னல் பக்கத்து மூல நிரலை அவர்கள் 2022ல் திறந்தார்கள், ஆனால் டூரிங் தலைமுறையிலிருந்துதான் (1650 அதில் சேரும்), அதுவும் கெர்னலுக்கு வெளியே ஓடும் பகுதி இன்னும் மூடியேதான் இருக்கிறது. இங்கே கவனம்: விலை குறைவு என்று கடைக்காரர் எடுத்துத் தரும் ஜிடி 710 வேண்டவே வேண்டாம், அதற்கான டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது. 1050 டிஐ, 1060 போன்றவற்றுக்கு டிரைவரின் 580 வரிசைதான் கடைசி. இன்றைக்கு என்விடியா வாங்கினால் 1650க்குக் கீழே போகாதீர்கள்.

இன்டெல் ஆர்க் கார்டும் லினக்ஸில் ஓடும், ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடும் வசதி) இருந்தால்தான் முழு வேகம் வரும்.

ரொம்பப் புதுசும் சிக்கல்தான்

ஆர்எக்ஸ் 9070 வந்தது 2025 மார்ச்சில். உபுண்டு 24.04 வெளியானபோது அதிலிருந்த கெர்னல் 6.8, அதற்கு அந்தக் கார்டு யாரென்றே தெரியாது. உங்கள் டிஸ்ட்ரோ வெளியான தேதிக்கு ஆறு மாதமாவது முன்னால் வந்த கார்டை எடுத்தால் நிம்மதி.

பழைய கார்டு வாங்கினால்

மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ செகண்ட் ஹேண்ட் பார்ப்பவர்கள் உபுண்டு ஏற்றிய பென்டிரைவோடு போங்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் (கார்டுகளை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ காசு எடுப்பது) நின்றதும் மைனிங்கில் வெந்த கார்டுகள் நிறையவே சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 என்றால் 2048எஸ்பி என்று எங்காவது போட்டிருக்கிறதா பாருங்கள், அது வேகம் குறைந்த வகை, விலையையும் அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள். கடையிலேயே பென்டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் "டிரை உபுண்டு" கொடுத்து, செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட், சிஸ்டம் டீட்டெய்ல்ஸ் என்று போனால் கிராபிக்ஸ் என்ற வரியில் கார்டின் பெயர் தெரியும். அங்கே எல்எல்விஎம்பைப் என்று வந்தால் கார்டு வேலையே செய்யவில்லை, படத்தை பிராசசர்தான் வரைந்துகொண்டிருக்கிறது. பெயர் சரியாக வந்தாலும் அரை மணி நேரம் ஒரு வீடியோவோ கேமோ ஓடவிட்டு, ஃபேன் எல்லாம் சுற்றுகிறதா என்று பாருங்கள். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு ஃபேன் மக்கர் செய்கிற கார்டு தாங்காது.

மாட்டிய பிறகு

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் இருந்து எடுத்து கார்டில் சொருகுங்கள், நிறையப் பேர் இதை மறந்துவிட்டு கார்டு போச்சு என்று பயப்படுகிறார்கள். ஏஎம்டி, இன்டெல் என்றால் வேலை முடிந்தது. என்விடியா என்றால் உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ், மின்ட்டில் டிரைவர் மேனேஜர் திறந்து, பரிந்துரைக்கும் பதிப்பையே தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளை கணினி ஏற்றவிடாமல் தடுக்கும் வசதி) ஆனில் இருந்தால் அப்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லலாம், சொன்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வரும், வைரஸோ என்று பதற வேண்டாம், அதில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். கன்டினியூ அழுத்திவிட்டுப் போய்விட்டால் டிரைவர் ஏறாது.