முதல் நாள்: சிகரெட் இல்லாமல் குமுளி போய் வருவது எப்படி?

நான் கம்பத்துக்காரன். மலைமேல், கேரளப் பக்கம் இருக்கும் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பஸ் ஏறி மேலே போவதும் சாயங்காலம் கீழே இறங்குவதுமாக, நாளுக்கு 11 சிகரெட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு தடவையும் மதியச் சாப்பாட்டைத் தாண்டவில்லை. மூன்றாவது தடவை மூன்று பேரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினேன், அந்த நாள் தாண்டியது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பீடி என்றாலும் இதே வழிதான்.

முதலில் கணக்கு

நிறுத்துவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு துண்டுச் சீட்டு எடுங்கள். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நேரம், இடம், கூட யார் என்று எழுதுங்கள். என் சீட்டு இப்படி இருந்தது: 6.10, வீட்டுப் பின்பக்கம், தனியாக. 7.20, கம்பம் பஸ் ஸ்டாண்டு, டீயோடு. 7.55, மலையடிவாரத்து லோயர் கேம்ப், பஸ் நிற்கும் நேரம். 8.40, குமுளி டீக்கடை, லோடுமேன்களோடு. இப்படியே ராத்திரி 9.30 மொட்டைமாடி வரை.

எழுதி முடித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பதினொன்றில் ஏழு சும்மா கை பழகியது. நிஜமாகவே ஆளை ஆட்டி வைப்பது நாலுதான். எனக்கு அவை காலையில் முதலாவது, லோயர் கேம்ப், சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரி கடைசி. அந்த நாலுக்கும் ஆள் போட்டால் போதும்.

ஆள் பிடிப்பது

முதல் நாளில் மனசு உறுதியைவிட ஆள் துணை பெரிது என்பது என் கட்சி. ஆனால் "தம் நிறுத்தப் போறேன், பார்த்துக்கோ" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. சிலர் மணிக்கொரு தரம் "அடிச்சியா?" என்று விசாரிப்பார்கள். அந்தக் கேள்வியே ஞாபகப்படுத்திவிடும். அதனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

போனில் ஒரு ஆள். என் பால்ய நண்பனிடம் சொன்னது இதுதான்: "மாப்ள, வியாழக்கிழமை தம்மை விடுறேன். நீ அட்வைஸ் பண்ண வேணாம். நான் போன் போட்டா அஞ்சு நிமிஷம் பேசு. சிகரெட்டைத் தவிர எதை வேணா பேசு." அஞ்சு நிமிடம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தேட்டம், அதாவது சிகரெட் வேண்டும் என்ற தவிப்பு, ஒரு தடவை எழும்பினால் பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில் தானே தணிந்துவிடும். தணியாது என்று நினைப்பதுதான் நம்மைக் கடைக்கு நடக்க வைக்கிறது.

வேலை இடத்தில் ஒரு ஆள். நான் டீக்கடைச் சேட்டனையே பிடித்தேன். "நாளைக்கு நான் கேட்டாலும் குடுக்காதீங்க சேட்டா" என்றேன். சிரித்துவிட்டுத் தலையாட்டினார். சில்லறையாக ஒற்றை சிகரெட் கிடைப்பதுதான் நமக்கு ஆபத்து. பாக்கெட் வாங்க யோசிப்போம், ஒன்று வாங்க யோசிக்க மாட்டோம்.

வீட்டில் ஒரு ஆள். "நாளைக்குச் சள்ளுபுள்ளுனு விழுவேன், மனசுல வச்சுக்காத" என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எரிந்து விழுந்தால் சண்டை வரும். சண்டை வந்தால் மொட்டைமாடிக்குப் போவோம். அங்கே என்ன நடக்கும் என்று தெரியும்.

யாருமே இல்லையென்றால் 1800-11-2356. புகையிலையை விட உதவும் தேசியச் சேவை இது. சிகரெட் அட்டையிலேயே அச்சடித்திருக்கும், நாம் படிப்பதில்லை. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள், திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. (எல்லாரும் திங்கட்கிழமைதான் நல்ல காரியம் ஆரம்பிப்போம். இதை மட்டும் வேறு கிழமையில் வையுங்கள்.) நிறுத்தும் நாளைச் சொல்லிவிட்டால் பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

முந்தின ராத்திரி

சட்டைப் பை, வண்டிப் பெட்டி, மேஜை டிராயர் எல்லாம் துழாவுங்கள். மிச்சம் இருப்பதைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். குப்பைக் கூடையில் காய்ந்தபடி போட்டால் விடிகாலையில் எடுத்துவிடுவோம். நான் எடுத்திருக்கிறேன். லைட்டரும் போகட்டும்.

மருந்துக்கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் கேட்கிற உடம்பு என்றால் 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதை டாக்டரிடம் கேளுங்கள். இருதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான்.

இதை மெல்வதில் ஒரு முறை இருக்கிறது. பபிள்கம் மாதிரி மென்று தள்ளக் கூடாது. மெதுவாக மென்றால் மிளகைக் கடித்தது போல நாக்கில் சுருக்கென்று காரம் ஏறும். ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கினால் மறுபடி நாலு மெல்லு, மறுபடி ஒதுக்கு. ஒன்று அரை மணி நேரம் ஓடும். டீ, காபி குடித்த கையோடு போட்டால் சரியாக ஏறாது, 15 நிமிடம் கழியட்டும். நான் முதலாவதைக் கடகடவென்று மென்று எச்சிலை விழுங்கி, குமுளி வரைக்கும் விக்கிக்கொண்டே போனேன்.

காலை

எழுந்ததும் பின்பக்கம் போகாதீர்கள். நேரே குளியல். வரிசை மாறினாலே கை கொஞ்சம் குழம்பும், அந்தக் குழப்பம் நல்லது.

டீயைப் பாதியாக்குங்கள். இது பலருக்குத் தெரியாத விஷயம். சிகரெட் புகை, காபி டீயில் இருக்கும் கஃபீனை உடம்பு சீக்கிரம் கழிக்கும்படி செய்கிறது. புகை நின்றால் அதே அளவு டீ கூடுதலாகத் தங்கும். படபடப்பும் நடுக்கமும் வரும், சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்துக்கொள்வோம்.

லோயர் கேம்ப் எனக்குக் கண்டம். எல்லாரும் இறங்கிப் பற்றவைப்பார்கள். அன்றைக்கு நான் இறங்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தேக்கடித் தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் அந்தப் பெரிய குழாய்களைப் பார்த்துக்கொண்டே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவன் வீட்டு மோட்டார் காயில் எரிந்த கதையைச் சொன்னான். கதை முடிவதற்குள் பஸ் மலை ஏறி, சிக்னல் போய்விட்டது. தேட்டமும் அதற்குள் போயிருந்தது.

மேலே, வேலையில்

வாய்க்கு ஏதாவது வேண்டும். நமக்குத் தொழிலே ஏலக்காய். ஒரு காயைத் தோலோடு கடைவாயில் அடக்கிக்கொண்டால் அரை மணி நேரம் ஓடும். கம்பம் பன்னீர் திராட்சை கிடைத்தால் இன்னும் நல்லது, ஒவ்வொன்றாக விதை துப்பித் தின்பதற்குள் நேரம் போய்விடும். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள்.

சிகரெட்டுக்குப் போகும் கையை அடக்குவது புது வித்தையும் இல்லை. 1999-லேயே கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்தது. அன்றிலிருந்து மலை ஏறியதும் கண்ட இடத்தில் பற்றவைக்காமல் இருக்கக் கொஞ்சம் பழகியிருக்கிறோம்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் மோசம். இலையை மடித்த கையோடு எழுந்துவிடுங்கள். வாய் கொப்பளித்து, முடிந்தால் பல் துலக்கி, சிகரெட் பிடிக்காத ஒருவரோடு பத்து நிமிடம் நடங்கள். என்னோடு காய் தரம் பிரிக்கும் அக்கா ஒருவர் வந்தார். வழியெல்லாம் மருமகளைப் பற்றி ஒரே புகார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

நடுவில் ஒன்று அடித்துவிட்டால்

"சரி, போச்சு, நாளையிலிருந்து பார்ப்போம்" என்று மட்டும் வேண்டாம். பாதியில் அணைத்துவிட்டு உடனே போன் ஆளுக்குச் சொல்லுங்கள். சீட்டில் அந்த வரியில் ஒரு பெருக்கல் குறி, மிச்ச வரிகளுக்கு நாள் அப்படியே தொடரும்.

ராத்திரி

தலை பாரம், கோபம், பசி, தூக்கம் வராதது எல்லாம் வரலாம். நிக்கோட்டின் இறங்குவதன் அறிகுறிகள் இவை. அதே சமயம் கடைசி சிகரெட்டிலிருந்து 12 மணி நேரத்தில் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இயல்பு அளவுக்கு வந்துவிடும். அது நமக்குத் தெரியாது, தலைவலிதான் தெரியும்.

9.30-க்கு மொட்டைமாடிக்குப் போகத்தான் செய்தேன். மனைவியும் கூட வந்தாள். ஒன்றும் பேசவில்லை, காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நானும் நாலு துணி மடித்தேன்.

படுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. இரண்டாம், மூன்றாம் நாள்தான் அறிகுறிகள் உச்சத்துக்குப் போகும். அதனால் ஆட்களை ஒரு நாளோடு விடாதீர்கள். நான் மாப்பிள்ளைக்கு மெசேஜ் போட்டேன்: "நாளைக்கும் அதே பஸ், 7.55."

"மோட்டார் கதை இன்னும் முடியல" என்று பதில் வந்தது.